சகலை முறை

இப்போதெல்லாம் எனக்கு எல்லார் மேலும் பொறாமை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர் மேல், டீக்கடையில் எனக்கு முன்னால் டம்ளரை வாங்கிவிடுபவர் மேல், இந்த வயதிலும் முடி கொட்டாதவர் மேல். நீங்கள் இதை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் உங்கள் மேலும்தான். என்னைப் பெற்றவர்கள் இப்படி வளர்க்கவில்லை. முப்பத்தொன்பது வயது வரை எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. இது எனக்கு ஒரு சான்றிதழோடு வந்தது. அதை லேமினேட் செய்து வீட்டில் மாட்டியிருக்கிறோம்.

என் பெயர் காளியப்பன். நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகிற வழியில் அர்த்தநாரி என்பவருடைய கோழிப்பண்ணை இருக்கிறது. அங்கே பதினோரு வருடம் மூன்றாவது ஷெட்டைப் பார்த்துக்கொண்டேன். முட்டைக்கோழிகள், பத்தாயிரத்துச் சொச்சம். காலையில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்ளே போவேன். தீவனம், தண்ணீர்க் குழாய், முட்டை எடுப்பது என்று வேலை ஓடும். மதியம் ஒரு மணிக்கு எல்லாம் முடிந்து ஷெட் அடங்கிக் கிடக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கோழிகளின் முனகலைக் கேட்டபடியே சாப்பிடுவேன். நாளைக்கு எந்த வரிசையில் எந்தக் கோழி இரை எடுக்காது என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கால்நடை டாக்டர், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார். எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரும் கேட்காததால் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் ஆடி பிறந்ததும் அர்த்தநாரி கூப்பிட்டார்.

"காளியப்பா, நம்ம முட்டை வாங்கற வெளிநாட்டுக்காரன் புதுசா ஒண்ணு கேக்கறான். கோழிக்குக் கூண்டு சரியா இருக்குதுன்னு சர்ட்டிபிகேட் குடுத்தமல்லோ, அதேமாதிரி ஆளுக்கும் வேணுமாம். இந்த வேலை இந்த ஆளுக்குப் பொருந்துதுன்னு."

"பொருந்துதுங்களே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கோழிக்கும் தெரியும். அவனுக்குக் காயிதத்துல வேணும். ஆடி முடியறதுக்குள்ள வாங்கியாந்துரு. இல்லீன்னா உன்னைய ஷெட்டுக்குள்ள உட முடியாது."

அப்படித்தான் நான் பணிச்சூழல் புரிதல் மற்றும் வாழ்தொழில் ஆலோசனை மையத்துக்குப் போனேன். நாமக்கல்லில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. காத்திருப்பவர்களுக்கு ஐந்து நாற்காலி போட்டிருந்தார்கள், மூன்றுக்கு முதுகு இல்லை. சுவரில் பெரிய எழுத்தில் 'பொறாமை இல்லையேல் பொருத்தம் இல்லை' என்று எழுதியிருந்தது. நான் அதை ஏதோ பூச்சிமருந்து விளம்பரம் என்று நினைத்தேன்.

முதுநிலை ஆலோசகர் அறிவுச்செல்வி என்கிற அம்மா ஒரு படிவம் கொடுத்தார். பெயர், ஊர், வயதுக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி. 'யாருடைய பணிச்சூழலைக் கண்டு நீங்கள் பொறாமை கொள்கிறீர்கள்?'

நான் 'யாரும் இல்லை' என்று எழுதினேன்.

"அப்படி எழுதக்கூடாதுங்க," என்றார் அந்த அம்மா, பொறுமையாக. "ஒருத்தருக்கு எந்த வேலை பொருந்தும்னு மார்க்கு சொல்லாது, ஆசையும் சொல்லாது. ஆசையில பொய் கலந்திருக்கும். பொறாமையில பொய்யே இருக்காதுங்க. யாரோட வேலையப் பாத்து உங்க வயிறு எரியுதோ, அந்த வேலைதான் உங்களுக்கு. இதுதான் எங்க மையத்தோட கண்டுபிடிப்பு."

"எனக்கு எரியலீங்களே."

"எரியலீன்னா உங்களுக்குப் பணிச்சூழல் புரியலீன்னு அர்த்தம். புரியாதவருக்குச் சான்று குடுக்க முடியாதுங்க."

பிறகு என் ஆள்காட்டி விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். கொரோனா சமயத்தில் எல்லார் வீட்டிலும் நாடித்துடிப்பு பார்க்க வாங்கி வைத்தோமே, அதேதான். அப்போது மொத்தமாக வாங்கி மிச்சமானதைப் பொறாமைமானி என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். கணினித் திரையில் ஒவ்வொரு அலுவலகமாகப் படம் காட்டினார். பளபளக்கும் மேஜை, சுழலும் நாற்காலி, கண்ணாடிச் சுவர். கிளிப்பில் எழுபத்திரண்டு என்றே நின்றது. ஒரு படத்தில் இருந்தவருக்குக் கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்ததைப் பார்த்து நான் பாவப்பட்டேன். அப்போது எழுபதுக்கு இறங்கியது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் முனைவர் சந்தோஷ்குமார் என்னை உட்கார வைத்துப் பேசினார். மேடைப் பேச்சுக்குப் பழகியவர். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், ஆனாலும் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தே பேசினார்.

"நான் ஒரு காலத்தில் பரமத்தி வேலூரில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த சாதாரண ஆசிரியன். ஆற்றங்கரைப் பள்ளி. பிள்ளைகளைக் காவிரிக்கே கூட்டிப்போய் மணலில் வரைபடம் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அதுதான் என் தேக்கநிலை. ஒருநாள் தலைமையாசிரியரின் நாற்காலியைப் பார்த்தேன். உறக்கம் போயிற்று. அவர் மேல் பதினாறு புகார் எழுதினேன், பதினாறும் பொய், ஆனால் உழைப்பு உண்மை. நாற்காலி கிடைத்தது. பிறகு வேறொருவரின் காரைப் பார்த்தேன். இன்றைக்கு இந்த அறையில் இருக்கிறேன். இங்கேயும் நான் நிம்மதியாக இல்லை. அதுவே என் தகுதி. உங்களைப் போல் நிறைந்த வயிற்றோடு ஒருவன் வேலை செய்தால் நாட்டின் உற்பத்தி என்னவாவது?"

முட்டை உற்பத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். அவர் அதற்குள் மணியை அழுத்திவிட்டார்.

எனக்கு ஐந்து நாள் அடிப்படைப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு வங்கிக்குக் கூட்டிப்போய் மேலாளர் அறையில் நிறுத்தினார்கள். அந்தக் குளிரில் அவர் தும்மிக்கொண்டே இருந்தார். மிளகு ரசம் குடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் லாரி பாடி கட்டும் பட்டறை முதலாளி. அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு போனில் திட்டு விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் வீட்டுப்பாடம்: பக்கத்து வீட்டை அரைமணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தோன்றுவதை எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாசி பத்தாவது நிமிடமே வெளியே வந்து, "ஏனுங்க அங்கயே நிக்கறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு முறுக்கு கொடுத்தார். நான் அதை அப்படியே எழுதினேன். அறிவுச்செல்வி அம்மா முறுக்குக்காக ஐந்து மதிப்பெண் கழித்துக்கொண்டார்.

நான்காம் நாள் இயக்குநரின் நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்தார்கள். இயக்குநர் கதவோரம் நின்று கிளிப்பை எட்டிப் பார்த்தார். அறுபத்தொன்பது. அவர் முகம் சிறுத்துப்போனது. தன் அறையைப் பார்த்து ஒரு மனிதனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

ஆடி முடிய எட்டு நாள்தான் இருந்தது. ஷெட்டுக்குள் விடமாட்டார்களே என்று எனக்குக் கவலை. பொறாமைப்பட நானும் மனதார முயற்சி செய்தேன். பல்லைக் கடித்தேன், மூச்சைப் பிடித்தேன். வரவில்லை.

மையத்தின் கையேட்டில் கடைசி அத்தியாயத்துக்குப் பெயர் 'சகலை முறை'. எதற்கும் மசியாத ஆண்களுக்கு மட்டும் இயக்குநரின் ஒப்புதலோடு பயன்படுத்த வேண்டியது. பெண்களுக்கு அதே இடத்தில் 'ஓரகத்தி முறை' என்று இருந்தது.

"உங்களுக்குச் சகலை உண்டுங்களா?" என்று கேட்டார் அறிவுச்செல்வி அம்மா.

உண்டு. மோகன்குமார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் பில் போடுகிறார். எனக்கு எட்டு வயது இளையவர், நல்ல பையன். எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் இருந்ததில்லை.

"அது போதும்," என்றார் இயக்குநர்.

ஐந்தாம் நாள் மூன்று பேரும் மையத்தின் காரில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். மூட்டை இறக்கும் ஆட்டோக்களுக்கு நடுவே கார் நுழைய முடியவில்லை. கடைசி ஒரு பர்லாங் நடந்தோம். கடைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மோகன்குமார் எழுந்து, "வாங்கண்ணா, என்னுங்க திடீர்னு" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். எனக்குக் கிளிப் மாட்டினார்கள். ஏசியைக் காட்டினார்கள், எழுபத்திரண்டு. மெத்தை வைத்த நாற்காலியைக் காட்டினார்கள், எழுபத்திரண்டு. கடை முதலாளி பொன்னன் மையத்தின் அறங்காவலர்களில் ஒருவர். அவரே வந்து மோகன்குமாரின் தோளில் கைபோட்டு இவன் இல்லாவிட்டால் கடையே இல்லை என்று சொன்னார். எழுபத்து மூன்று. இயக்குநர் சோர்ந்துபோய் கிளிப்பைக் கழற்றக் கையை நீட்டினார்.

அப்போது மணி ஒன்று. மோகன்குமாரின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தொடர்ந்து பில்லைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைங்க, சோறு உண்டாச்சுங்களா?"

எங்கள் மாமியார் மயிலம்மாளின் குரல். ஓமலூரிலிருந்து.

"இல்லீங்கத்த, இனிமேத்தான்."

"காலா காலத்துல உண்டுபோடுங்க சாமி. நேத்தும் ரெண்டு மணி ஆக்கிப்போட்டீங்க. இன்னைக்கு என்ன கொழம்புங்க?"

நேற்றும். அப்படியானால் தினமும். எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். மூத்த மாப்பிள்ளை நான். பதினான்கு வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டு அந்த அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்ததில்லை. தொண்டைக்குக் கீழே ஏதோ சூடாக இறங்கியது. இதுதான் அதுவோ என்று நினைப்பதற்குள் அறிவுச்செல்வி அம்மா, "சார், நூத்திப் பதினெட்டு, நூத்தி இருவத்தாறு" என்றார். இயக்குநர் கைதட்டினார். கடைப் பையன்களும் எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள்.

நான் விளக்கிச் சொல்லப் பார்த்தேன். "அம்மணி, எனக்கு இந்தக் கடை மேல ஒண்ணுமில்லீங்க. அந்தப் போன் வந்துச்சு பாருங்க, அதுதானுங்க."

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். வெளிச்சம், காற்றோட்டம், இருக்கை, இரைச்சல், குடிநீர் என்று கட்டங்கள் இருந்தன. மாமியாருக்குக் கட்டம் இல்லை. இருக்கை, காற்றோட்டம் இரண்டிலும் 'மிகக் கடுமையான பொறாமை' என்று குறித்துக்கொண்டார். பிறகு ஒரு முறைக்காக மோகன்குமாரின் விரலிலும் மாட்டி, என் ஷெட்டின் படத்தைக் காட்டி, நான் மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை விவரித்தார். நூற்று இருபத்தொன்று. இது எனக்குப் புரியவில்லை. அப்போது புரிந்துகொள்ளும் நிலையிலும் நான் இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு ஒரே நாளில் வந்தது. காளியப்பனுக்குப் பொருத்தமான சூழல் ஜவுளிக்கடை பில்லிங் மேஜை. மோகன்குமாருக்குப் பொருத்தமானது கோழி ஷெட். நான் அர்த்தநாரியிடம் ஓடினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"நான் என்ன பண்றது காளியப்பா. சர்ட்டிபிகேட்டுல இந்தப் பண்ணைன்னு எந்த ஆளு பேரு இருக்குதோ, அந்த ஆளைத்தான் உள்ள உட முடியும். உம்பட பேருல ஜவுளின்னு இருக்குது."

ஆடி முடிந்தது. வீட்டில் சும்மா உட்கார்வதற்கு ஜவுளி தேவலை என்று போனேன். ஒரு மண்டபத்தில் விழா வைத்து எங்கள் இரண்டு பேருக்கும் துண்டு போர்த்தினார்கள். இயக்குநர் மேடையில், "நேற்று வரை இவர்கள் இருவரும் வெறும் வேலையில் இருந்தவர்கள். இன்று வேலைவாய்ப்பு பெற்றவர்கள். புதிய வேலையிடம் ஒன்றைக்கூட உண்டாக்காமல் இரண்டு பேரை அமர்த்தியிருக்கிறோம். இதே வேகத்தில் போனால் இந்த மாவட்டத்தில் இருக்கிற வேலைகளை வைத்தே எத்தனை லட்சம் பேருக்கு வேண்டுமானாலும் வேலை கொடுக்கலாம்" என்று பேசினார். பலமாகக் கைதட்டல் விழுந்தது.

நான் காலையில் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கும், மோகன்குமார் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கும் பஸ் ஏறினோம். ராசிபுரம் பக்கம் இரண்டு பஸ்ஸும் கடந்துபோகும். எனக்கு எப்போதும் அவர் பஸ்ஸில் கூட்டம் குறைவாக இருப்பதாகவே தோன்றும்.

கடையில் போனைக் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி ஆகக் காத்திருப்பேன். நாற்காலி அதே நாற்காலி, ஏசி அதே ஏசி. போன் மட்டும் வரவில்லை. அது மோகன்குமாரோடு ஷெட்டுக்குப் போய்விட்டது. அங்கே இப்போது என் இடத்தில் உட்கார்ந்து, என் கோழிகளுக்கு நடுவில், என் மாமியாரிடம் இன்றைக்கு என்ன குழம்பு என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எதிர்க்கடைக்காரருக்கு வெயில் படாத வாசல், பக்கத்து மேஜைப் பையனுக்குப் புது செருப்பு. ஒருமுறை திறந்துகொண்ட பிறகு அது மூடவே இல்லை.

தீபாவளிக்கு ஓமலூரில் மாமியார் வீட்டில் இலை போட்டிருந்தார்கள். மோகன்குமார் பக்கத்து இலையில். அவர் இலையில் இருந்த கறித்துண்டுகளை எண்ணி முடித்துவிட்டு நான் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்கத்த, சின்ன மாப்பிள்ளைக்குத் தினமும் போன் பண்றீங்க. நான் உங்களுக்கு மாப்பிள்ளை இல்லீங்களா?"

மயிலம்மாள் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"அவரு வேளைக்குச் சோறு உங்கமாட்டாருங்க. போண்டாவத் தின்னுபோட்டு வகுத்து வலின்னு படுத்துக்குவாரு. கேட்டுக் கேட்டுத்தான் உங்க வெக்கோணும். உங்களுக்கு எதுக்குங்க போனு? நீங்க இருக்கற எடத்துல நல்லாத்தான் இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். பதினாலு வருசத்துல உங்களப் பத்தி நான் ஒருநாளும் வெசனப்பட்டதில்லீங்களே."

மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "அதுக்குத்தாண்ணா எனக்கும் அன்னைக்கு ஏறுச்சு. இவருக்கு யாரும் போன் பண்றதில்ல, நிம்மதியா உங்கறாருன்னு."

மாமியார் என் முகத்தையே பார்த்தார். "இப்ப வெசனமாத்தானுங்க இருக்குது. ஏனுங்க இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?"

மறுநாளிலிருந்து ஒரு மணிக்கு எனக்கும் போன் வந்தது. முதலில் மோகன்குமாருக்குப் பேசிவிட்டுத்தான் எனக்குப் பேசுகிறார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தை மாதம் போனோம். கிளிப் மாட்டினார்கள். எனக்கு அவருடைய ஷெட் மேல் நூற்று இருபத்தெட்டு, அவருக்கு என் ஏசி மேல் நூற்று இருபத்து மூன்று. மறுபடியும் மாற்றிவிட்டார்கள். மறுபடியும் விழா, துண்டு. மையத்தின் ஆண்டறிக்கையில் 'நான்கு பேருக்கு வேலைவாய்ப்பு' என்று எங்கள் படத்தை நான்கு முறை போட்டிருந்தார்கள்.

ஷெட் திரும்பக் கிடைத்துவிட்டது. மருந்துத் தண்ணீரில் காலை வைத்தபோது எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. எல்லாம் பழையபடி இருந்தது. மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தேன். போன் அடித்தது. முன்வரிசைக் கோழிகள் மிரண்டு எழுந்தன. சாப்பிட்டாச்சு என்று சொல்லி வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். எங்கும் முனகல், ஒன்றும் பிரியவில்லை. மோகன்குமாரிடம் எத்தனை நிமிடம் பேசியிருப்பார் என்ற கணக்குத்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பங்குனியில் நான்காவது வரிசையில் நோய் வந்தது. நான் கண்டுபிடிக்கவில்லை. டாக்டர் வந்துதான் கண்டுபிடித்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

இந்த ஆடியில் மறுபடி படிவம். அதே கேள்வி. இந்த முறை நான் யோசிக்கவே இல்லை. 'காளியப்பன், மூன்றாவது ஷெட்' என்று எழுதினேன்.

அறிவுச்செல்வி அம்மா படித்துப் பார்த்தார். "அங்க இருக்கறது நீங்கதானுங்களே?"

"நானுந்தானுங்க. இவரு வேற. பதினோரு வருசம் அங்க இருந்தவரு. மத்தியானம் உக்காந்து கோழிச் சத்தம் கேட்டுக்கிட்டுச் சோறு உங்கறவரு. அவரப் பாத்துத்தானுங்க எனக்கு."

கிளிப்பில் நூற்று நாற்பத்தொன்று. மைய வரலாற்றிலேயே அதிகம் என்றார். ஆனால் இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

"இப்ப அவரு அந்த வேலையில இல்லீங்களா?"

"இல்லீங்க. போயிட்டாரு."

"அப்ப அது காலியிடம்," என்றார். அலமாரியிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்தார். "இந்த மாதிரி கேக்கறவங்களுக்குத் தனியா ஒரு வரிசை இருக்குதுங்க. பேரு பதிஞ்சுட்டுப் போங்க, இடம் வந்தா சொல்லி அனுப்பறோம். அதுவரைக்கும் பழைய சான்றே செல்லுமுங்க."

பேர் எழுதினேன். என் எண் நாற்பத்தொன்று. எனக்கு முன்னால் நாற்பது பேர் அவரவர் பெயரையும் அவரவர் பழைய வேலையையும் எழுதியிருந்தார்கள். எனக்கு முன்னால் நிற்பவர் யார் என்று பார்க்காமல் இப்போது என்னால் இருக்க முடிவதில்லை. பக்கத்தைப் பின்னால் புரட்டி முதல் வரிக்குப் போனேன். மை மங்கியிருந்தது. எண் ஒன்று: சந்தோஷ்குமார், பூகோள ஆசிரியர், பரமத்தி வேலூர்.

மூன்று மாதம் ஆகிறது. யாருக்கும் இன்னும் அழைப்பு வரவில்லை. வந்தால் முதலில் அவருக்குத்தான் வரும். எனக்கு இப்போது அவர் மேல்தான் பொறாமை.